கிருபையால தேவபக்தியா வாழ ஆரம்பிக்கிறது எப்படி: வரிசை மாறாம ஒரு முழு வழிகாட்டி

இது யாருக்குன்னு முதல்லயே சொல்லிடறேன். இயேசுவை விசுவாசிச்சாச்சு, ஞானஸ்நானம் எடுத்தாச்சு, ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கும் தவறாம போறோம், ஆனா வீட்டுலயும் ஆபீஸ்லயும் பாத்தா அதே பழைய ஆளாத்தான் இருக்கேன்னு உள்ளுக்குள்ள புழுங்கிட்டு இருக்கிறவங்களுக்கு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல முழங்கால் போட்டு இனிமே இப்படி இருக்க மாட்டேன் ஆண்டவரேன்னு தீர்மானம் எடுத்துட்டு, பொங்கல் முடியறதுக்குள்ள அந்தத் தீர்மானம் எங்க போச்சுன்னே தெரியாம முழிச்சிருந்தீங்கன்னா இது உங்களுக்குத்தான்.

எங்க வீட்டு ஜெபக் குழுவுக்குப் புதுசா வர்றவங்களோட உட்கார்ந்து இதை ஒவ்வொரு படியா பாத்துட்டு வர்றேன். முயற்சி பத்தாம தடுமாறுறவங்க ரொம்ப கம்மி, உண்மையிலேயே நல்லா முயற்சி பண்றாங்க. எங்க மாட்டிக்கிறாங்கன்னா வரிசைல. முதல்ல என்னைச் சரி பண்ணிக்கிறேன், அப்புறமா தைரியமா ஆண்டவர் முன்னாடி போய் நிக்கிறேன்னு ஆரம்பிக்கிறாங்க, சரி பண்ண முடியல, அதனால போய் நிக்கவும் இல்ல, அப்படியே வருஷம் ஓடிடுது. அதனால கீழ இருக்கிறதுல நடுவுல இருந்து பிடிச்சு ஆரம்பிக்காதீங்க. அஞ்சாவது படி ரொம்ப பிராக்டிகலா இருக்கும், அங்கயே தாவத் தோணும். தாவினா ரெண்டு வாரம்கூட தாங்காது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன வேணும்

அச்சடிச்ச வேதாகமம் ஒண்ணு. ஃபோன்ல இருக்கேன்னு சொல்லாதீங்க, வசனம் தேடப் போய் வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல முடிஞ்ச காலைகள் எல்லாருக்கும் தெரியும்.

சின்ன நோட்டு ஒண்ணு, நாற்பது பக்கம் போதும், வேற யார் கையிலயும் சிக்காத இடத்துல வைங்க. யாராவது படிச்சிடுவாங்கன்னு பயம் இருந்தா உண்மையை எழுத மாட்டீங்க, அதுக்காகத்தான்.

தினமும் ஒரே நேரத்துல இருபது நிமிஷம். விடியற்காலை 4 மணிக்குத்தான் எழுந்திருக்கணும்னு சட்டம் இல்ல, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க காலைல வந்து சாப்பிட்டுட்டு உட்காரலாம். நேரம் மாறிக்கிட்டே இருந்தா தினமும் "இப்போ பண்ணலாமா அப்புறமா"ன்னு ஒரு சண்டை நடக்கும், அதுலயே பாதி சக்தி போயிடும்.

அப்புறம் மனசு விட்டுப் பேசக்கூடிய ஒரு ஆள். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண். இப்போ இல்லன்னாலும் பரவாயில்ல, ஏழாவது படிக்கு வர்றதுக்குள்ள தேடிக்கலாம்.

வேண்டாததையும் சொல்லிடறேன். கண்ணீர் வரணும்னு அவசியம் இல்ல. முதல் வாரமே மூணு நாள் உபவாசம்னு ஆரம்பிக்கவும் வேணாம், உபவாசம் நல்லதுதான், ஆனா இந்தக் கட்டத்துல அதைச் செஞ்சா ஆண்டவர் மனசை நம்ம பக்கம் திருப்பத்தான் பட்டினி கிடக்கிறோம்னு ஒரு நினைப்பு ஒட்டிக்கும், அதை அப்புறம் பிச்சு எடுக்கிறது பெரிய வேலை.

1. ஏற்றுக்கொள்ளப்பட்ட இடத்துல இருந்து ஆரம்பிங்க

எபேசியர் 2-ஆம் அதிகாரத்துல 8, 9, 10 வசனங்களை வரிசையா படிங்க. கிருபையால விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீங்க, அது உங்களால வந்தது இல்ல, தேவனோட ஈவு, யாரும் பெருமை பேசக்கூடாதுன்னு கிரியையால வரலன்னு முதல் ரெண்டு வசனம் சொல்லுது. நற்கிரியை பத்தின பேச்சு 10-லதான் வருது, அதுவும் தேவன் முன்னாடியே ஆயத்தம் பண்ணி வச்ச கிரியைகள்னு. நம்மள்ல பாதிப் பேர் 10-ஐ ஒழுங்கா செஞ்சா 8 கிடைக்கும்னு வாழ்றோம். மாசாமாசம் ஈ.எம்.ஐ. கட்டுற மாதிரி ஜெபம், வேதவாசிப்பு, காணிக்கைன்னு கட்டிக்கிட்டு, ஒரு மாசம் தவறினா வீட்டைப் பிடுங்கிடுவாரோன்னு பயந்துக்கிட்டு.

லூக்கா 15-ல சொத்தைப் பிரிச்சு வாங்கிட்டுப் போய் அழிச்ச இளைய குமாரன் ஊருக்குத் திரும்புறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட பேச வேண்டியதை மனசுக்குள்ள தயார் பண்ணுவான். அதுல கடைசி வரி, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்ங்கிறது, 19-ஆம் வசனம். ஆனா 21-ஆம் வசனத்துல அப்பா முன்னாடி நின்னு பேசுறப்போ அந்த வரி வரல, பாவம் செஞ்சேன், குமாரன்னு சொல்லப்பட நான் பாத்திரன் இல்லன்னு சொல்லி முடிச்சதுமே அப்பா வஸ்திரம், மோதிரம், பாதரட்சைன்னு வேலைக்காரங்களுக்கு ஆர்டர் போட ஆரம்பிச்சிடுறார். கூலிக்காரன் வேலைக்கு அந்த வீட்டுல இன்டர்வியூவே நடக்கல.

இந்தப் படில செய்ய வேண்டியது ஒண்ணுதான். நோட்டோட முதல் பக்கத்துல இந்தக் கேள்வியை எழுதுங்க: "நேத்து நான் ஜெபம் பண்ணவே இல்ல, இன்னைக்கு ஆண்டவர் என்னை எப்படிப் பாக்கிறார்?" மனசுல முதல்ல என்ன பதில் வருதோ அதை அப்படியே எழுதுங்க, சபைல சொல்ற பதிலை எழுதாதீங்க. கோபமா இருப்பார், மூஞ்சியைத் திருப்பிப்பார், இன்னைக்கு ஏதாவது கெட்டது நடக்கும்னு எழுதினீங்கன்னா இந்தப் படிலயே ஒரு வாரம் இருங்க. தினமும் ரோமர் 5:6-10 படிங்க. நாம பலவீனரா, பாவியா, சத்துருவா இருந்தப்போதான் கிறிஸ்து மரிச்சார்னு அங்க இருக்கு, சத்துருவுக்கே அவ்வளவு செஞ்சவர் பிள்ளையை ஒரு நாள் ஜெபத்துக்காக விரட்டுவாரான்னு யோசிங்க.

இயேசுவை இன்னும் விசுவாசிக்கவே இல்ல, குடும்பமே கிறிஸ்தவக் குடும்பம்ங்கிறதால வந்துட்டு இருக்கேன்னு யாராவது இருந்தா, மத்த படிகளை விட்டுட்டு அதை முதல்ல உங்க ஆயர்கிட்டயோ பாஸ்டர்கிட்டயோ நேர்ல பேசுங்க. வேர் இல்லாம கனி பத்தி பேசி பிரயோஜனம் இல்ல.

2. கிருபை மன்னிக்கிறதோட நிக்காது, கத்தும் குடுக்கும்

தீத்துவுக்கு எழுதின நிருபம் மூணே அதிகாரம், ஒரே உட்காரல்ல படிச்சிடலாம். பவுல் தன்னோட உடன் ஊழியரான தீத்துவை கிரேத்தா தீவுல விட்டுட்டு வந்திருக்கார். அந்த ஊர் ஆளுங்க எப்படிப்பட்டவங்கன்னா, ஓயாப் பொய்யர், துஷ்டமிருகங்கள், பெருவயிற்றுச் சோம்பேறிகள்னு அவங்க ஊர்க்காரரே சொன்னதை 1:12-ல எடுத்துப் போட்டிருக்கார். அப்படிப்பட்ட ஊர்ல இருந்து வந்த விசுவாசிகளுக்குத்தான் ரெண்டாம் அதிகாரம். முதிர்வயசு ஆண்கள், பெண்கள், இளம் பெண்கள், வாலிபர், வேலைக்காரர்னு ஒவ்வொருத்தருக்கும் எப்படி நடக்கணும்னு சொல்லிட்டு, வேலைக்காரங்க எஜமான் பொருளைத் திருடாம இருக்கணும்ங்கிற வரைக்கும் இறங்கி வந்துட்டு, அப்புறம் 11-ஆம் வசனத்துல காரணம் சொல்றார்: தேவகிருபை பிரசன்னமாயிருக்கு, அது நமக்குப் போதிக்குது, அவபக்தியையும் லௌகிக இச்சைகளையும் வெறுத்து தெளிந்த புத்தியோடயும் நீதியோடயும் தேவபக்தியோடயும் வாழணும்னு.

அதாவது நல்லா நடங்கன்னு சொல்றதுக்கு அவர் காட்டுற ஆதாரம் நரக பயம் இல்ல, கிருபை. இது மண்டைல ஏறாம அடுத்த படிக்குப் போனா ரெண்டுல ஒரு பள்ளத்துல விழுவோம்.

ஒரு பள்ளம், "நாமெல்லாம் மனுஷங்கதானே, கிருபை இருக்குல்ல"ன்னு தோளைக் குலுக்கிட்டுப் போறது. ரோமர் 6:1-2 இதுக்கு நேரடியான பதில். இன்னொரு பள்ளம், கிருபையால உள்ள வந்துட்டேன், இனி என் பலத்துல ஓட்டுறேன்னு நினைக்கிறது. கலாத்தியர் 3:3-ல ஆவியால ஆரம்பிச்சு மாம்சத்தால முடிக்கப் பாக்கிறீங்களான்னு பவுல் கேக்கிறது இவங்களைத்தான். நீங்க எந்தப் பக்கம் சாயுற ஆளுன்னு நோட்டுல எழுதி வைங்க. எனக்குத் தெரிஞ்சு சின்ன வயசுல இருந்தே சபைல வளர்ந்தவங்க பெரும்பாலும் ரெண்டாவது பள்ளம், அது பள்ளம்னே அவங்களுக்குத் தெரியாது, பாக்கிறவங்களும் ரொம்ப பக்தியான பிள்ளைன்னு பாராட்டிட்டே இருப்பாங்க.

3. பாவத்தைப் பேர் சொல்லி அறிக்கை பண்ணுங்க

இப்போதான் பாவ அறிக்கை. முதல் ரெண்டு படிக்கு அப்புறம் இதை வச்சதுக்குக் காரணம், தள்ளிடுவார்ங்கிற பயம் இருக்கிற வரைக்கும் யாரும் முழு உண்மையைச் சொல்ல மாட்டாங்க. ஆதாம் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சான், நாம பொதுவான வார்த்தைக்குப் பின்னாடி ஒளியறோம்.

"தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும் ஆண்டவரே"ன்னு தினமும் ராத்திரி சொல்லிட்டுத் தூங்குறது எங்க குழுவுலயே நிறைய பேருக்குப் பழக்கம். அந்த வாக்கியத்துல தப்பு இல்ல, ஆனா அது மட்டும்தான் சொல்றோம்னா தெரிஞ்சதுன்னு ஒண்ணு இருக்கே, அது எதுன்னு சொல்லாமலே தப்பிச்சிடுறோம்.

செய்யுற முறை: நோட்டுல ஒரு பக்கம் எடுத்து, என்ன செஞ்சேன், யாருக்குச் செஞ்சேன்னு மட்டும் எழுதுங்க. "ஆனா" போடாதீங்க. "மாமியார்கிட்ட கத்தினேன், ஆனா அவங்க அப்படிப் பேசினா யாருக்குத்தான் கோபம் வராது"ங்கிறது அறிக்கை இல்ல, புகார் மனு. 51-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்க, தாவீது அதுல ஒரு சாக்குகூட சொல்லல. அதுல முதல் வரி பாவத்தைப் பத்தி இல்ல, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்னுதான் ஆரம்பிக்குது, அந்த வரிசையையும் கவனிங்க.

எழுதினதை வாய்விட்டு ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் 1 யோவான் 1:9 படிங்க. அவர் மன்னிக்கிறதுக்கு அங்க சொல்லியிருக்கிற காரணம் அவர் உண்மையும் நீதியும் உள்ளவர்ங்கிறது, நாம எவ்வளவு அழுதோம்ங்கிறது இல்ல. அதனால மன்னிச்சுட்டாரான்னு உங்க மனநிலையைத் தடவிப் பாத்துட்டு இருக்காதீங்க, நன்றி சொல்லிட்டு எழுந்திருங்க. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம், ஒரு வரி தவிர, அது அடுத்த படிக்கு.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு குழப்பம் கட்டாயம் வரும்: உள்ள குத்துறது பரிசுத்த ஆவியானவரா, இல்ல வெறும் குற்ற உணர்ச்சியா? ஆவியானவர் உணர்த்துறப்போ விஷயம் குறிப்பா இருக்கும், நேத்து சாயந்தரம் அவர்கிட்ட சொன்ன அந்தப் பொய்னு, கூடவே வெளிய வர்ற வழியும் தெரியும். மத்தது புகை மூட்டமா இருக்கும், நீ எதுக்கும் லாயக்கில்லன்னு மட்டும் சொல்லும், என்ன செய்யணும்னு சொல்லாது. இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்ச பேதுருவும் அழுதான், அவரைக் காட்டிக்குடுத்த யூதாஸும் மனஸ்தாபப்பட்டான். ஒருத்தனை அந்த துக்கம் இயேசுகிட்ட கொண்டு வந்துச்சு, இன்னொருத்தனை அவரை விட்டுத் தூரமா கொண்டு போச்சு. 2 கொரிந்தியர் 7:10-ல ரெண்டு துக்கம் பத்தியும் இருக்கு.

4. திருப்பிக் குடுக்க வேண்டியதைக் குடுங்க

நிறைய போதனைகள்ல இந்தப் படி காணாமலே போயிடும். அந்த ஒரு வரி, யாருக்குச் செஞ்சேன்ங்கிறது, இங்கதான் வேலைக்கு வருது.

குழுவுல ஒரு தம்பி, ஃபீல்டு சேல்ஸ்ல இருக்கார், பைக்ல சுத்துற வேலை. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டிட்டு பெட்ரோல் கிளெய்ம்ல 60-ன்னு எழுதுறது அவர் டீம்ல சகஜம். பாவ அறிக்கை பண்ணதும் அதை நிறுத்திட்டார். அப்புறம் என்கிட்ட, "அண்ணா, இயேசு மன்னிச்சுட்டார்ல, பழைய காசை எதுக்கு இப்போ கிளறணும்?"னு கேட்டார். லூக்கா 19-ஐ எடுத்து வாசிக்கச் சொன்னேன். வரி வசூல்ல பணம் சேர்த்த சகேயு, இயேசுவைப் பாக்க ஏறின மரத்துல இருக்கிறப்போ இயேசு முதல்ல சொன்னது இன்னைக்கு உன் வீட்டுல தங்கணும்ங்கிறது. காசைத் திருப்பிக் குடு, அப்புறம் வர்றேன்னு சொல்லல. சகேயு நாலத்தனையா திரும்பச் செலுத்துறேன்னு எழுந்து நின்னது அதுக்கு அப்புறம். கிருபை வந்துட்டதாலதான் பர்ஸ் திறந்துச்சு.

தம்பி பழைய கிளெய்ம் ஷீட்டையெல்லாம் எடுத்து வச்சு, தோராயமா எவ்வளவுன்னு பென்சில்ல போட்டு, அழிச்சு, திரும்ப கூட்டிப் போட்டு, ஒரு தொகைக்கு வந்தார். மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னப்போ அவர் கேட்ட முதல் கேள்வி, "வேற யார் யாரெல்லாம் இப்படி எழுதுறாங்க?" இவர், "என்னோடதை மட்டும்தான் சார் சொல்ல வந்தேன்"னு சொல்லியிருக்கார். சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சாங்க. வேலை போகல, ஆனா அந்த வருஷம் இன்கிரிமென்ட் வரல. சொன்னா எல்லாம் நல்லபடியா முடியும்னு நான் யாருக்கும் உத்தரவாதம் குடுக்கிறது இல்ல, விலை இருக்கலாம், அதைத் தெரிஞ்சே போங்க.

பணம் இல்லாத விஷயத்துக்கு மத்தேயு 5:23-24. பலிபீடத்துகிட்ட காணிக்கையோட நிக்கிறப்போ உன் சகோதரனுக்கு உன்மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சுட்டுப் போய் முதல்ல ஒப்புரவாகு. மன்னிப்பு கேக்கிறப்போ சுருக்கமா கேளுங்க, "நான் அன்னைக்கு அப்படிப் பேசினது தப்பு, மன்னிச்சிடுங்க அண்ணி"ன்னு நிறுத்திடுங்க. அடுத்து "நீங்களும்..."னு ஆரம்பிச்சா போச்சு.

ரெண்டு எச்சரிக்கை. எதிராளிக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லி நம்ம பாரத்தை அவங்க தலைல இறக்கி வைக்கிறது ஒப்புரவாகுறது ஆகாது. மனசுக்குள்ள பொறாமைப்பட்டதை அவங்க வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டியது இல்ல. ரெண்டாவது, உங்களை அடிச்சவர், துன்புறுத்தினவர்கிட்ட தனியா போய் ஒப்புரவாகுங்கன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, அவங்களை மன்னிக்கிறது ஒண்ணு, திரும்ப அந்த ஆபத்துக்குள்ள போறது வேற ஒண்ணு. அங்க சபைப் பெரியவங்க துணையும் தேவைப்பட்டா போலீஸ் துணையும் வேணும்.

5. ஒரே ஒரு பாவத்தை எடுத்து, அதுக்குப் பதில் என்னன்னு பாருங்க

மொத்தமா மாறணும்னு இறங்காதீங்க. ஒண்ணு எடுங்க. பெருசா இருக்கணும்னு இல்ல, அடிக்கடி வர்றதா இருக்கணும், அப்போதான் பழக வாய்ப்பு கிடைக்கும்.

எபேசியர் 4:25-32 இதுக்கு முழு செய்முறை. பொய்யை விடு, மெய்யைப் பேசு. திருடினவன் இனி திருடாம, கைவேலை செஞ்சு, கஷ்டப்படுறவனுக்குக் குடுக்கட்டும். கெட்ட வார்த்தை வேணாம், கேக்கிறவங்களுக்குப் பிரயோஜனமான வார்த்தை பேசு. ஒவ்வொண்ணுலயும் விட வேண்டியதுக்குப் பக்கத்துலயே எடுக்க வேண்டியதும் இருக்கு. வெறுமனே விட மட்டும் பாத்தா அந்த இடம் காலியாவே இருக்கும், நம்ம கவனம் முழுக்க அந்தப் பாவத்து மேலயே இருக்கும்.

நோட்டுல நாலு பத்தி போடுங்க: எப்போ நடந்துச்சு, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு, அந்த நிமிஷம் எனக்கு என்ன வேணும்னு நினைச்சேன், பதிலா என்ன செய்யலாம். ஒரு வாரம் முதல் மூணு பத்தியை மட்டும் எழுதுங்க, மாறணும்னு அவசரப்பட வேணாம்.

ஒரு அக்கா பிள்ளைங்ககிட்ட கத்துறதை எடுத்தாங்க. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா எல்லா என்ட்ரியும் காலைல ஏழே முக்கால், ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிற நேரம், ஒரு ஷூவைக் காணோம் இல்லன்னா டிபன் பாக்ஸ் மூடியைக் காணோம். மூணாவது பத்திலதான் விஷயம் இருந்துச்சு. முதல்ல "நேரத்துக்குக் கிளம்பணும்"னு எழுதியிருந்தாங்க, அதையே நாலு நாள் எழுதிட்டு, அஞ்சாவது நாள் "வேன்ல இருக்கிற மத்த அம்மாங்க என்னை ஒழுங்கில்லாதவன்னு நினைக்கக் கூடாது"ன்னு எழுதியிருந்தாங்க. கோபத்துக்கு அடில இருந்தது அடுத்தவங்க மதிப்புக்கான பசி. அதுக்கு ராத்திரியே ஷூவை எடுத்து வாசல்ல வைக்கிறது ஒரு உதவி, கண்டிப்பா வைங்க, ஆனா அந்தப் பசிக்கு சாப்பாடு முதல் படிலதான் இருக்கு: கிறிஸ்துவுக்குள்ள ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டாச்சு, வேன் முழுக்க என்ன நினைச்சாலும் அது மாறாது. ஹாரன் சத்தம் கேட்டதும் அந்த உண்மையை ஒரு வரில சொல்லிட்டு பிள்ளைகிட்ட பேசுறதுன்னு பழகினாங்க. நாலாவது பத்தில அவங்க எழுதினது அதுதான்.

ரோமர் 6-லயும் இதே வரிசை. 11-ல நீங்க பாவத்துக்கு மரிச்சவங்க, தேவனுக்குப் பிழைச்சவங்கன்னு எண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டு, 12-ல ஆகையால் பாவம் உங்க சரீரத்துல ஆளாதிருப்பதாகன்னு வருது, 13-ல அவயவங்களை நீதிக்கு ஒப்புக்குடுங்கன்னு வருது. கை, கண், நாக்குன்னு நேரடியா யோசிங்க. ராத்திரி ஃபோன்ல பாக்கக் கூடாததைப் பாக்கிற பிரச்சினைன்னா சார்ஜரை ஹாலுக்கு மாத்துங்க. இது கிருபை மேல நம்பிக்கை இல்லாத செயல்னு சிலர் சொல்லுவாங்க, அப்படி இல்ல, துர்இச்சைகளுக்கு இடமா உடலைப் பேணாதீங்கன்னு ரோமர் 13:14 சொல்றதைத்தான் செய்யறோம்.

குடி, சூதாட்டம், ஆபாசம்னு அடிமைத்தனமா மாறிட்டதுக்கு நோட்டு பத்தாது. டாக்டர், கவுன்சிலிங், மறுவாழ்வு மையம்னு போறது விசுவாசக் குறைவு இல்ல. குடியை மட்டும் திடீர்னு சொந்தமா நிறுத்தவே நிறுத்தாதீங்க, ரொம்ப நாளா தினமும் குடிக்கிறவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் கண்காணிப்புல செய்யணும்.

6. வேதமும் ஜெபமும்: எங்க இருந்து எடுக்கிறது

ஆதியாகமத்துல ஆரம்பிச்சு வேதாகமத்தை முடிக்கிறேன்னு போறவங்க பெரும்பாலும் யாத்திராகமம் 25-ல ஆசரிப்புக் கூடார அளவு வர்றப்போ சோர்ந்து, லேவியராகமத்துல நின்னுடுவாங்க. மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிங்க. 16 அதிகாரம், ஒரு நாளைக்குப் பாதி அதிகாரம்னா கிட்டத்தட்ட ஒரு மாசம். அப்புறம் எபேசியர், அப்புறம் ரோமர். சங்கீதம் ஒண்ணு தினமும் சேர்த்துக்கலாம்.

படிச்சதும் இதுல ஆண்டவர் எப்படிப்பட்டவர்னு தெரியுதுன்னு முதல்ல கேளுங்க, நான் என்ன செய்யணும்ங்கிறது ரெண்டாவது கேள்வி. ரெண்டாவதை மட்டுமே கேட்டுட்டு இருந்தா ஆறு மாசத்துல வேதம் ஒரு வேலை லிஸ்ட் ஆயிடும்.

வாக்குத்தத்த அட்டை பத்தி ஒரு வார்த்தை. புது வருஷத்துக்கு சபைல குடுக்கிற வசன அட்டையை ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க, சந்தோஷம்தான், ஆனா அந்த வசனம் இருக்கிற முழு அதிகாரத்தையும் ஒரு தடவையாவது படிங்க. யாருக்கு, எந்த நிலைமைல சொன்னதுன்னு தெரியாம எனக்கு இந்த வருஷம் வீடு கட்டக் குடுத்த வசனம்னு பிடிச்சுக்கிட்டு, ஆண்டவர் ஏமாத்திட்டார்னு டிசம்பர்ல சொல்றவங்களைப் பாத்தாச்சு.

ஜெபத்துல ஒரே ஒரு பழக்கத்தைச் சேருங்க: சோதனை வர்ற அதே நிமிஷத்துல கேளுங்க. எபிரெயர் 4:16 கிருபாசனத்துகிட்ட தைரியமா வரச் சொல்றது ஏற்ற சமயத்துல சகாயம் கிடைக்கிறதுக்கு. காலைல அரை மணி நேரம் ஜெபிச்சாச்சு, இனி நான் பாத்துக்கிறேன்னு கிளம்பினா, அந்த ஏற்ற சமயம் பதினொரு மணிக்கு ஆபீஸ்ல வர்றப்போ நாம தனியா நிப்போம். "ஆண்டவரே, இப்போ உதவி பண்ணுங்க" போதும். பவுலே தன் முள்ளுக்காக, அதாவது தன்னை விடாம வருத்தின ஒரு பாடு நீங்கணும்னு, மூணு தரம் கேட்டப்போ முள் போகல, என் கிருபை உனக்குப் போதும்னுதான் பதில் வந்துச்சு, 2 கொரிந்தியர் 12. கேட்டும் சோதனை போகலன்னா ஜெபம் கேக்கப்படலன்னு முடிவு கட்டாதீங்க, அதுக்குள்ள நிக்கிற பலம் வந்திருக்கான்னு பாருங்க.

7. தனியா பண்ணாதீங்க

யாக்கோபு 5:16 ஒருத்தருக்கொருத்தர் குற்றங்களை அறிக்கை பண்ணி ஒருத்தருக்காக ஒருத்தர் ஜெபிக்கச் சொல்லுது. வாரத்துல ஒரு தடவை அந்த ஒரு ஆள்கிட்ட இந்த வாரம் எப்படிப் போச்சுன்னு உண்மையைச் சொல்லுங்க. வாட்ஸப் குரூப்ல போடாதீங்க. ஜெபக் குறிப்புங்கிற பேர்ல அடுத்த வீட்டு விஷயம் எவ்வளவு வேகமா பரவும்னு தெரிஞ்சதுதானே. வாய் அடக்கம் இருக்கிற ஆளான்னு பாத்து, முதல்ல சின்ன விஷயம் சொல்லிப் பாருங்க.

யூடியூப்ல செய்தி கேக்கிறது நல்லது, ஆனா அந்தப் பிரசங்கியாருக்கு உங்க முகம் வாடியிருக்கிறது தெரியாது. எபிரெயர் 10:24-25-ல சபை கூடுறதை விடாதீங்கன்னு சொல்றதுக்குக் காரணமே ஒருத்தரை ஒருத்தர் கவனிக்கிறதுதான்.

திருவிருந்து விஷயத்துல ஒரு பெரிய தடுமாற்றம் இருக்கு. அந்த வாரம் விழுந்துட்டா நான் பாத்திரன் இல்லன்னு பின் வரிசைல உட்கார்ந்துக்கிறது. 1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதிச்சுப் பாத்து புசிக்கவும் பானம் பண்ணவும் சொல்லுது. சோதிச்சு, அறிக்கை பண்ணி, வாங்க. மனம் திரும்புற எண்ணமே இல்லாம பாவத்தைப் பிடிச்சுக்கிட்டு கை நீட்டுறதுதான் பிரச்சினை, உடைஞ்சு போய் வர்றவங்களுக்கு அந்த மேசை.

8. விழுந்தா முதல் பத்து நிமிஷம்

விழுவீங்க. அதனால விழறதுக்கு முன்னாடியே என்ன செய்யணும்னு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வைங்க, விழுந்த நேரத்துல யோசிக்க வராது.

உடனே அறிக்கை பண்ணுங்க. ராத்திரி வரைக்கும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் தள்ளாதீங்க. தள்ளுற இடைவெளிலதான் "எப்படியும் கெட்டாச்சு, இன்னொரு தடவை செஞ்சா என்ன"ங்கிற நினைப்பு வரும், பெரிய விழுகை எல்லாம் பெரும்பாலும் அந்த ரெண்டாவது தடவைதான்.

அபராதம் கட்டாதீங்க. ரெண்டு நாள் ஜெபிக்காம இருந்து என்னை நானே தண்டிச்சுக்கிறேன், கூட காணிக்கை போடுறேன்ங்கிறதெல்லாம் இயேசு செலுத்தினது பத்தலன்னு சொல்றதுதான். 1 யோவான் 2:1-ஐ மனப்பாடம் பண்ணி வைங்க, ஒருத்தன் பாவம் செஞ்சா பிதாகிட்ட பரிந்து பேசுறவர் இருக்கார்.

பேதுரு மறுதலிக்கிறதுக்கு முன்னாடியே, உன் விசுவாசம் ஒழிஞ்சு போகாதபடி நான் வேண்டிக்கிட்டேன்னு இயேசு சொல்லிட்டார், லூக்கா 22:32. அதோட நிறுத்தல, நீ குணப்பட்ட பின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்துன்னு வேலையும் குடுத்தார். அன்னைக்குச் செய்ய வேண்டிய அடுத்த கடமையை, அது பாத்திரம் கழுவுறதா இருந்தாலும் சரி, எழுந்து செய்ங்க.

9. மாறுறோமான்னு எப்படிப் பாக்கிறது

தினமும் அளக்காதீங்க, மாசத்துக்கு ஒரு தடவை போதும். தீத்து 2:12-ல இருக்கிற மூணையும் எடுத்துக்கோங்க: தெளிந்த புத்தி, அதாவது என் ஆசை என்னை ஓட்டுதா நான் அதை அடக்குறேனா. நீதி, கூட இருக்கிறவங்ககிட்ட நேர்மையா இருக்கேனா. தேவபக்தி, ஆண்டவர்கிட்ட போகப் பிடிக்குதா. ரெண்டாவதுக்கான பதிலை நீங்க எழுதாதீங்க, வீட்டுல இருக்கிறவங்ககிட்ட கேளுங்க, சபைல நல்ல பேர் வாங்குறது ரொம்ப ஈஸி.

பாவம் முன்னைவிட அதிகமா கண்ணுல படுதேன்னு பயப்படாதீங்க, பெரும்பாலும் அது வெளிச்சம் கூடினதுதான். இன்னொரு அடையாளம், அடுத்தவங்க மேல இருக்கிற கடுமை குறையும். மத்தேயு 18-ல பதினாயிரம் தாலந்து, அதாவது கட்டவே முடியாத அளவு கடன், மன்னிக்கப்பட்டவன் வெறும் நூறு பணத்துக்காக, அதாவது நூறு நாள் கூலிக்காக, உடன் வேலைக்காரன் கழுத்தைப் பிடிச்சான். ஒழுக்கம் கூடி, கூடவே மத்தவங்களைக் குறை சொல்றதும் கூடுதுன்னா மாற்றம் கிருபையால நடக்கல, வேற எதோ நடந்துட்டு இருக்கு.

மூணு மாசம் ஆகியும் ஒண்ணும் நகரலன்னா எங்க அடைச்சிருக்குன்னு இப்படித் தேடுங்க. ஜெபிக்கவே பயமா இருக்கா, முதல் படிக்குப் போங்க. அறிக்கை பண்ணியும் அதே விஷயம் உறுத்திட்டே இருக்கா, நாலாவது படில யாருக்கோ பாக்கி இருக்கு. கொஞ்ச நாள் நல்லா போய் திரும்பத் திரும்ப அதே நேரத்துல விழறீங்களா, அஞ்சாவது படில மூணாவது பத்தியை உண்மையா எழுதல. எல்லாம் சரியா செய்யறேன், ஆனா வறண்டு கிடக்கேன்னா ஆறாவதுல முதல் கேள்வியை விட்டுட்டு ரெண்டாவதை மட்டும் கேட்டுட்டு இருக்கீங்க. எதுலயும் சேரலன்னா அந்த ஒரு ஆள்கிட்ட நோட்டைக் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க, நமக்குத் தெரியாதது அவங்க கண்ணுக்குச் சட்டுனு தெரியும்.